ஆனிக் கடைசியில் மாற்றிய ஆயில்

சம்பந்தி,

நீங்கள் எனக்குச் செய்தது தப்பு. போய்ச் சேர்ந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்கிறாள் என் வீட்டுக்காரி. நான் ஊராரிடம் சொல்லவில்லை, உங்களிடமே சொல்கிறேன். நம் காரின் என்ஜின் ஆயிலை எனக்குத் தெரியாமல் பதினோரு வருடம் மாற்றினீர்கள். மாற்றிவிட்டு, மாற்றாதவர் போல என் வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றீர்கள். நான் அளந்து பார்த்து, சத்தம் போட்டு, ஜெயித்ததாக நினைத்துக்கொண்டதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். இதைத் தப்பு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இதை எழுதும்போது எதிரில் ஜன்னல் கம்பியில் ஒரு பழைய துண்டு தொங்குகிறது. ஆடி முதல் தேதி, காரில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்த துண்டு. அதில் கருப்பாக ஒரு விரல் நீளத்துக்குக் கறை இருக்கிறது. பத்து நாள் ஆகியும் கருகிய வாடையும் பெட்ரோல் வாடையும் போகவில்லை. அதைத் துவைக்க விடாமல் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியவில்லை. சாட்சி வேண்டும் என்று முதலில் நினைத்தேன். யாருக்கு எதிரான சாட்சி என்பதில்தான் இப்போது குழப்பம்.

முதலிலிருந்து வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எங்கே பிசகினேன் என்று எனக்குப் பிடிபடும்.

என் மகள் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த மறு வருடம், முழுகாமல் இருந்தபோது, கரியமாணிக்கத்திலிருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் பஸ்ஸும் ஆட்டோவுமாக அவள் பட்ட பாட்டைப் பார்த்து நீங்களும் நானும் சேர்ந்து அந்த வெள்ளைக் காரை வாங்கினோம். செகண்ட் ஹாண்ட் பெட்ரோல் வண்டி. யார் வீட்டில் நிற்பது என்ற பேச்சு வந்தது. அதற்குள் ஆடி பிறந்தது. வழக்கப்படி பெண்ணை அழைத்துக்கொண்டு வரப் பாகூரிலிருந்து நான் வந்தேன். நீங்கள் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தீர்கள்.

"பொண்ணோட வண்டியும் ஆடிக்கு வரட்டுங்க சம்பந்தி. தையில ரெண்டும் திரும்பி வந்தா போதும்."

அன்று விளையாட்டாகச் சொன்னதுதான். அதுவே ஏற்பாடு ஆகிவிட்டது. அடுத்த வருடங்களில் மகள் பத்து நாளில் திரும்பிப் போய்விடுவாள், கார் மட்டும் தங்கும். ஆடி முதல் மார்கழி வரை என்னிடம். தையில் பொங்கல் சீரோடு, டிக்கி மூடாமல் கரும்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஏரிக்கரை வழியாக உங்கள் ஊருக்கு வரும். தை முதல் ஆனி வரை உங்களிடம்.

வண்டியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒரு கோடை முழுக்கப் படித்தேன். அதில் ஆயில் பக்கத்தில் இரண்டு கணக்கு போட்டிருந்தது. ஐயாயிரம் கிலோமீட்டர் ஒரு கணக்கு, ஆறு மாதம் இன்னொரு கணக்கு. இரும்பு தேய்வது ஓட்டத்தால்தான். நின்றால் எப்படித் தேயும்? மாதக் கணக்கு, கம்பெனிக்காரன் ஆயில் விற்பதற்காகச் சேர்த்தது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தபின் நான் மாறுவதில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

முதல் தடவை ஆயில் மாற்றியபோது நீங்கள் வந்திருந்தீர்கள். நான் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். நீங்கள் பழைய பேசினைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தீர்கள். "எந்த போல்ட்டுன்னு எப்பிடிங்க தெரியும்? எத்தினி சுத்து?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஒன்றும் தெரியாத மனிதர், பொழுது போகக் கேட்கிறார் என்று நினைத்தேன். முடித்ததும் பானட்டின் உள்பக்கம் மீட்டரில் இருந்த எண்ணைச் சாக்பீஸால் எழுதினேன். இதிலிருந்து ஐயாயிரம் ஓடினால் அடுத்தது என்றேன். அங்கேதான் நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

"மனுஷனுக்கு நடந்த தூரத்த வெச்சாங்க வயசு சொல்றோம்? ஜாடில சும்மா இருக்கற ஊறுகாய்க்கும் நாள் ஆவுதுல்ல? ஆறு மாசத்துக்கு ஒரு தரம் மாத்திடணும் சம்பந்தி."

"என்ஜினுக்குப் பஞ்சாங்கம் தெரியாதுங்க."

"அதுக்குத் தெரியாட்டி நாமதானே சொல்லணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம். பெண்ணைக் கொடுத்தவன் நான். உங்கள் வீட்டு வாசலில் நான் குனிந்துதான் நிற்க வேண்டும், அதுதான் முறை. என் வாசலிலுமா?

அடுத்த ஆடி முதல் தேதி, நீங்களே வண்டியை ஓட்டிவந்தீர்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்பே நான் பானட்டைத் திறந்தேன். கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் தேன் மாதிரி இருந்தது. பானட்டில் என் எண் அப்படியே இருந்தது. நான் மாற்றி எட்டு மாதம், இரண்டாயிரத்துச் சொச்சம்தான் ஓடியிருந்தது. கம்பியை எல்லோருக்கும் காட்டினேன்.

"பாருங்க. எட்டு மாசம். கருத்துருக்கா? கெட்டுருக்கா? மாசமாம் மாசம்!"

நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். "ஆமாங்க சம்பந்தி, தேனாட்டம்தான் இருக்குது" என்றீர்கள். அவ்வளவுதான். வீட்டுக்குள் போய்ச் சாப்பிட உட்கார்ந்தீர்கள்.

அதிலிருந்து வருடா வருடம் அதுதான். ஆடி ஒன்று, பானட், கம்பி, தேன். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் அதைப் பார்ப்பதற்காகவே வருவார்கள். தை மாதம் வண்டியை உங்களிடம் விட வரும்போது நீங்கள் மறுபடி மாதக் கணக்கை எடுப்பீர்கள், ஆடியில் நான் அடிப்பேன். என் மகளை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்க மாமனார் வண்டிய ஜாஸ்தி ஓட்றாரா? எதுனா பண்றாரா?" என்று கேட்பேன். ஒவ்வொரு வருடமும் ஒரே பதில்தான். "தெரியலயேப்பா."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் சம்பந்தி. உங்கள் மாட்டுக் கொட்டகைக் கால்கள் அத்தனையும் கரையான் ஏறாமல் பழைய ஆயில் பூசிக் கருப்பாக இருக்கும். உங்களிடம் டிராக்டர் கிடையாது. நடவுக்கும் அறுப்புக்கும் வாடகை வண்டிதான். "எங்கேருந்துங்க இவ்ளோ கழிவாயில்?" என்று ஒரு தை மாதம் கேட்டேன். "கெடைக்குதுங்க" என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன். ஒரு வருடம் மழைக்காலத்தில் நம் பானட்டில் ஈரம் இறங்கி என் சாக்பீஸ் எண் பாதி கலைந்துபோயிருந்தது. ஆடியில் வந்தபோது அதே எண் பளிச்சென்று இருந்தது. ஏழு என்ற எண்ணுக்கு நான் நடுவில் கோடு போடுவதில்லை. அதில் கோடு இருந்தது. அதையும் விட்டுவிட்டேன். ஜெயிக்கிறவன் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

பங்குனியில் நீங்கள் போனீர்கள். வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து, மோர் கேட்டுவிட்டு, மோர் வருவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். நான் வந்தேன், எல்லாம் பார்த்தேன், பதினாறாம் நாள் வரை இருந்தேன். கார் கொட்டகை ஓரமாக நின்றது. அதை யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

இந்த ஆடி முதல் தேதி மாப்பிள்ளை என் மகளையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கொண்டுவந்தார். துக்கமான வருடம், அதனால் வடை பாயசம் இல்லை. சாம்பார், ஒரு பொரியல், அப்பளம். தகப்பன் போனபின் என் வீட்டுக்கு அவர் முதல் தடவையாக வருகிறார். ஒரு தாடி வேறு. வழக்கமாக வரும் அந்த இரண்டு பேரும் வந்து நின்றார்கள். நான் பானட்டைத் திறந்தேன். கம்பியை எடுத்தேன்.

கருப்பு. தொட்டால் விரலில் தண்ணீர் மாதிரி ஓடியது. பெட்ரோல் வாடை. என் கணக்கில் இரண்டாயிரத்து நூறு கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது.

பதினோரு வருடம் தேனாக வந்தது இந்த வருடம் தார் நிறத்தில் வந்தால் ஒருவன் என்ன நினைப்பான்? வண்டியை யாரோ நாசம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை.

"இன்னா மாப்ள, வண்டிய வாடகைக்கு வுட்டீங்களா?"

அவர் புரியாமல் பார்த்தார். "இல்லீங்களே மாமா."

"பின்ன இது இன்னா? உங்கப்பா இருந்த வரைக்கும் வண்டி எப்பிடி வந்துது? நாலு மாசத்துல இந்தக் கதிக்குக் கொண்டாந்துட்டீங்களே. பெரியவரு கண்ண மூடினதும் ஆட்டமா?"

கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. மற்றதைப் பற்றி இன்னும் எனக்கு யோசனை இருக்கிறது. அந்த வார்த்தை மட்டும் கூடாது. மாப்பிள்ளை சாவியை பானட் மேல் வைத்தார். என் வீட்டுக்காரி இலை போட்டுவிட்டுக் கூப்பிட வந்தவள் அப்படியே நின்றாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். ஆடிக்கு அழைத்த மாப்பிள்ளை கை நனைக்காமல் போனார். அந்த இலையை எடுத்துப் போட என் வீட்டுக்காரிக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் வரை கிடந்து வாடியது.

"அவரே போய்ச் சேந்துட்டாரு. இன்னும் அந்தக் கம்பிய வுடமாட்டியா நீ?" என்றாள்.

மறுநாள் காலையில்தான் மகள் வாயைத் திறந்தாள். அதுவும் என் முகத்தைப் பார்க்காமல், அரிசி புடைத்துக்கொண்டே.

"வருஷா வருஷம் ஆனி கடைசில மாமாதான்ப்பா மாத்துவாரு. சாக்க விரிச்சி, அவரே அடில படுத்து. பழைய ஆயில கொட்டாய் காலுக்குப் பூசிடுவாரு."

"ஏன் சொல்லல?"

"உன்னான்ட சொல்லக் கூடாதுன்ட்டாரு. வெறும் வண்டிய எப்பிடிம்மா அனுப்பறதும்பாரு."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. என் வீட்டிலிருந்து குழம்போ பலகாரமோ தூக்கில் போட்டுக் கொடுத்தால் உங்கள் வீட்டிலிருந்து தூக்கு ஒரு நாளும் காலியாகத் திரும்பியதில்லை. ஒரு பிடி அரிசி, இரண்டு கத்தரிக்காய், ஒன்றும் இல்லாத நாளில் ஒரு வெல்லக் கட்டி. "வெறும் பாத்திரம் அனுப்பக் கூடாதுங்க" என்பீர்கள். எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். காரையும் அந்தக் கணக்கில் சேர்த்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தூக்கில் என்ன போட்டோம் என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. திறந்து பார்ப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பதினோரு தடவை திறந்து பார்த்தேன் சம்பந்தி. எனக்குத் தெரியவில்லை.

அன்று மதியம் வண்டியைக் கன்னிக்கோயில் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வாழ்நாளில் முதல் தடவை. அவர் கம்பியை மோந்து பார்த்தார்.

"எங்க ஓடுது இது?"

"ஊருக்குள்ளயே. கடைக்கு, கோயிலுக்கு, நெட்டப்பாக்கம் வரைக்கும்."

"அதான். ரெண்டு கிலோமீட்டர் ஓட்றது, நிறுத்தறது. என்ஜின் சூடே ஏறல. சூடு ஏறலன்னா பெட்ரோலும் ஈரமும் ஆயில்ல எறங்கும். ஐயாயிரமோ ஆறு மாசமோ, எது முன்னாடி வருதோ அதுக்கு மாத்திடணும் பெரியவரே."

"அப்ப ஓடாத வண்டிக்கும் மாத்தணுமா?"

"ஓடாத வண்டிக்குத்தான் மாசக் கணக்கே."

வீட்டுக்குத் திரும்பி வந்து காரிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ஜின் பழுதாகவில்லை. ஆயிலை மாற்றினால் போதும் என்றுதான் சொன்னார். என்னிடம்தான் எதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கிலோமீட்டர் கணக்கு சரி என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்தத் தேன். அதை ஊற்றியது நீங்கள். அப்படியானால் மாதக் கணக்கு ஜெயித்ததா? அப்படியும் சொல்ல முடியாது. தூரத்து ஊர்க் கல்யாணங்களுக்கு நான் வாரம் தவறாமல் ஓட்டிய ஒரு வருடம் மூன்று மாதத்தில் ஐயாயிரம் ஆகி நான் மாற்றினேன். ஆறு மாதம் என்று நீங்கள் காத்திருந்தால் வண்டி என்ன ஆகியிருக்கும்? அந்தப் புத்தகத்தில் இரண்டையும் சேர்த்துத்தான் போட்டிருந்தான். நான் பாதியை எடுத்துக்கொண்டேன், நீங்கள் பாதியை எடுத்துக்கொண்டீர்கள். இரண்டு பேரும் விடாப்பிடியாக இருந்ததால் வண்டி பிழைத்தது. இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? எழுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு கணக்கு எனக்கு வந்திருக்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. ஆடி ஒன்றாம் தேதி, அந்தக் கம்பியைக் காட்டி நான் கத்தும்போது, நீங்கள் ஒரே ஒரு தடவை வாய் திறந்திருந்தால் போதும். "நான்தாங்க மாத்தினேன்" என்று சொன்னால் என் மானம் அங்கேயே போயிருக்கும். ஏன் சொல்லவில்லை? வருடம் முழுக்கப் பெண் வீட்டுக்காரனாகக் குனிகிறவன், ஒரு நாள் தன் வாசலில் நிமிர்ந்துகொள்ளட்டும் என்று விட்டீர்களா? அது மரியாதையா, இரக்கமா? மரியாதை என்றால் வாங்கிக்கொள்வேன். இரக்கம் என்றால் எனக்கு வேண்டாம். அல்லது வீட்டுக்குப் போய் என் மகளோடு சேர்ந்து சிரித்தீர்களா? அவளிடம் கேட்டேன். "சிரிக்கல்லாம் மாட்டாருப்பா. உங்கப்பாவுக்குக் கொரல் நல்லா இருக்குது, ஒடம்பு தேவலாம்னு சொல்வாரு" என்றாள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன முடிவுக்கு வருவது?

நீங்கள் சொல்லியிருந்தால் நான் மாப்பிள்ளையை அப்படிப் பேசியிருக்க மாட்டேன். அதனால்தான் தப்பு உங்கள் மேல் என்று தொடங்கினேன். அதில் இப்போதும் மாற்றம் இல்லை. ஆனால் கேள்வி கேட்டுக்கொள்ளும் வேலை என்னோடு நிற்கட்டும். செய்ய வேண்டியவற்றை யார் யார் செய்வது என்று எழுதிவிடுகிறேன்.

முதலில் நான். மாப்பிள்ளை பஸ்ஸில் போனார், நானும் பஸ்ஸில்தான் போக வேண்டும். பதினெட்டாம் பெருக்குக்கு முன்னால், பட்டப்பகலில், உங்கள் வீட்டில் நாலு பேர் இருக்கும்போது போய், நாலு பேர் நடுவில் சொன்னதை நாலு பேர் நடுவில் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். என்ன வார்த்தை என்று இன்னும் அகப்படவில்லை. பஸ்ஸில் யோசித்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரி அவருக்கு மறுபடி இலை போட வேண்டும். அவர் சாப்பிட்டு எழும் வரைக்கும் காரைப் பற்றி என்னைப் பேச விடக் கூடாது. அதை அவள் நன்றாகச் செய்வாள்.

என் பேச்சைக் கேட்டு மாதக் கணக்கை விட்டவர்கள் அந்த இரண்டு பேர். ஒருவருடைய கார் இரண்டு வருடமாகப் பந்தல் கீழேயே நிற்கிறது. அவர்கள் வீடு தேடிப் போய், ஓடாவிட்டாலும் ஆயிலை மாற்றுங்கள் என்று நான்தான் சொல்ல வேண்டும். காரணம் கேட்டால் மெக்கானிக் சொன்னார் என்பேன். உங்கள் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று பார்க்கிறேன்.

மாட்டுக் கொட்டகைக் கால்களுக்கு இந்த வருடம் பூச்சு விழவில்லை. நான் இப்போது வடித்த பழைய ஆயில் ஒரு கேனில் இருக்கிறது. மாப்பிள்ளை அதைக் கொண்டுபோய்க் கரையான் வருமுன் பூச வேண்டும்.

அப்புறம் தை. உங்கள் தலைத் திவசம் முடியாததால் உங்கள் வீட்டில் பொங்கல் கிடையாது. சீர் போகாது, கரும்பு ஏற்ற முடியாது. டிக்கி காலியாகத்தான் வரும். ஆகவே மார்கழிக் கடைசி நாள் நான் சாக்கை விரித்துப் படுத்து, ஆயிலை வடித்து, புதிது ஊற்ற வேண்டும். ஐயாயிரம் ஆகியிருக்காது. அது எனக்குத் தெரியும். மாதக் கணக்கை நான் ஒத்துக்கொண்டுவிட்டதாக இதற்கு அர்த்தம் இல்லை. பானட்டில் இருக்கும் எண்ணை மாற்றாமல், அதன் மேலேயே எழுதி, அதில் வரும் ஏழுக்கு மட்டும் உங்களைப் போல நடுவில் கோடு போட்டுவிடுவேன்.

மாப்பிள்ளை அங்கே கம்பியை எடுத்துப் பார்ப்பார். தேனாக இருக்கும். யார் மாற்றியது என்று என் மகளைத்தான் கேட்பார். அவள் "தெரியலயே" என்று சொல்ல வேண்டும். பதினோரு வருடம் சொல்லிப் பழகியவள்தானே.